காபி கிளப்பிலிருந்து பைபாஸ் வரை

காசு வாங்கிக்கொண்டு சோறு போடுவதைத் தமிழ்நாடு நெடுங்காலம் இழுக்காகவே நினைத்தது. பலகாரம் விற்றார்கள்; மதுரைக்காஞ்சி காட்டும் கடைத்தெருவிலேயே மோதகமும் அப்பமும் விற்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சோறு வடித்து, இலை போட்டு, சாப்பிட்டு எழுந்தவரிடம் கைநீட்டிக் காசு வாங்குவது வேறு. வழிப்போக்கருக்குச் சத்திரம் இருந்தது. தஞ்சை மராட்டிய மன்னர் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் ஒரத்தநாட்டில் இன்றும் நிற்கிறது. சத்திரம் இல்லாத ஊரில் சொந்தக்காரர் வீடு. அதுவும் இல்லையென்றால் கட்டுச்சோறு.

தாலுகா கச்சேரி, முன்சீப் கோர்ட், ரயிலடி, ஹைஸ்கூல் இவையெல்லாம் வந்தபோது நிலைமை மாறியது. வாய்தாவுக்கு வந்தவர் காலையில் இறங்கினால் சாயங்கால வண்டிக்குத்தான் திரும்ப முடியும். மதியம் எங்கே சாப்பிடுவார்? ஆளுக்கு ஆள் சொந்தக்காரர் இருக்கும் ஊரா அது? மாற்றலாகி வந்த வாத்தியார், தனியாக அறை எடுத்துத் தங்கிய குமாஸ்தா, பருத்தி விற்க வந்த விவசாயி என்று ஊருக்குள் தினமும் பசியோடு நிற்கும் அந்நியர்கள் பெருகினார்கள். சின்ன ஊர்களின் ஓட்டல் இவர்களுக்காகப் பிறந்தது. இன்றும் ஒரு பழைய தாலுகா ஊருக்குப் போனால் மூத்த ஓட்டலைத் தேட வேண்டியதில்லை. கோர்ட்டுக்கு எதிரே இருக்கும், இல்லையென்றால் ரயிலடித் தெருவில் இருக்கும்.

முதலில் வந்தது காபி கிளப். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காபி நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்த கதையை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். வீட்டுக்குள் நுழைந்த அதே வேகத்தில் காபி தெருவுக்கும் வந்தது. புதுமைப்பித்தனின் கந்தசாமிப் பிள்ளை, கடவுளைச் சந்தித்ததும் கூட்டிக்கொண்டு போவது ஒரு காபி ஓட்டலுக்குத்தான். அது சென்னைக் கதை. ஆனால் கும்பகோணத்திலும் மாயவரத்திலும் திருநெல்வேலியிலும் அதற்கு முன்பே இட்லி, வடை, காபி மூன்றையும் வைத்து ஒரு குடும்பம் பிழைக்கலாம் என்று ஆகிவிட்டது. நெல்லைச் சீமையில் போத்தி ஓட்டலும் சைவாள் கிளப்பும், தஞ்சைப் பக்கம் ஐயர் கிளப்பும், ஆங்காங்கே ராவுத்தர் பிரியாணிக் கடையும், மாநிலம் முழுக்க நாயர் டீக்கடையும் உடுப்பிக்காரர்களின் கடையும் என்று, ஓட்டலின் பெயரே நடத்துகிறவர் யார் என்பதைச் சொல்லிவிடும். உள்ளே யார் வரலாம் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னது.

அந்தக் காலத்து ஓட்டலைப் பற்றி நெய் மணக்க எழுதுகிறவர்கள் இந்த இடத்தைச் சீக்கிரம் தாண்டிவிடுகிறார்கள். நான் தாண்ட விரும்பவில்லை. ‘பிராமணாள் காபி கிளப்’ என்ற பலகை வெறும் சமையல் விளம்பரம் இல்லை. பல இடங்களில் பிராமணர் உள்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மற்றவர்களுக்கு வெளியே தனி இடம். தலித் மக்களுக்கு வாசல்படியே எல்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில்கூடப் பிராமணருக்கு ஓர் அறை, இதராளுக்கு ஓர் அறை என்று இருந்தது. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமண மாணவர்களுக்கு மட்டும் தனியாக உணவு படைத்த விவகாரம் தமிழக அரசியலையே திசை மாற்றியது என்றால், சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு பெரிய காரியமாக இருந்தது என்று பாருங்கள். ரயில் நிலையப் பாகுபாடு பெரியாரும் நீதிக்கட்சியும் போராடியதால் 1941-ல் ஒழிந்தது. 1950-ல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 15-ஆம் பிரிவு கடை, ஓட்டல், பொது உணவு விடுதி என்று பெயர் சொல்லியே அங்கெல்லாம் யாரையும் சாதியைக் காட்டித் தடுக்கக் கூடாது என்றது. 1955-ல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. பலகையில் இருந்த ‘பிராமணாள்’ என்ற சொல் மட்டும் போகவில்லை. 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே முன்னால் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நடந்து, ஆயிரத்துக்கும் குறையாதவர்கள் கைதான பிறகுதான் அந்தப் பலகையிலிருந்து அது அழிந்தது. சின்ன ஊர்க் கடைகளும் ஒவ்வொன்றாகப் பெயரை மாற்றிக்கொண்டன.

டீக்கடைகளில் இரட்டைக் குவளை இன்னும் நீண்ட காலம் நீடித்தது. ஆணியில் தனியாகத் தொங்கும் டம்ளர், குடித்துவிட்டுத் தானே கழுவி மாட்ட வேண்டும் என்ற விதி, சில இடங்களில் கொட்டாங்கச்சி. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தலித் இயக்கங்களும் இடதுசாரிகளும் ஊர் ஊராகப் போய் இதை எதிர்த்தார்கள். பேப்பர் கப் வந்த பிறகு எல்லோருக்கும் ஒரே கப் என்று ஆனது உண்மை. ஆனால் சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்கு மட்டும் கப் என்று அதிலும் பழைய புத்தியைக் காட்டிய கடைகள் பற்றிய செய்திகள் இந்த நூற்றாண்டிலும் வந்தன. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாடுகளில் எதை முதலில் சொல்ல வேண்டும் என்று என்னைக் கேட்டால், ருசியையோ விலையையோ சொல்ல மாட்டேன். யாரும் யாரையும் கேட்காமல் எந்த ஓட்டலுக்குள்ளும் போய், காலியான நாற்காலியில் உட்காரலாம் என்பதைத்தான் சொல்வேன். இதற்காகத் தலைமுறைகள் அடி வாங்கியிருக்கின்றன.

சைவக் கிளப்புகளின் கதை ஓரளவு எழுதப்பட்டிருக்கிறது. அசைவ ஓட்டலின் கதை அவ்வளவு எழுதப்படவில்லை. அதில் ஒரு கிராமத்தின் பெயரைச் சொல்லியே ஆக வேண்டும்: மதுரை மாவட்டம் திருமங்கலத்தை அடுத்த வடக்கம்பட்டி. மானாவாரிக் கரிசல் நிலம். மழை பொய்த்தால் சோற்றுக்கு வழியில்லை. அந்த ஊர்க்காரரான சுப்பா நாயுடு 1937-ல் காரைக்குடியில் ஓர் அசைவச் சாப்பாட்டுக் கடை திறந்தார். ஊரின் காவல் தெய்வமான முனியாண்டியின் பெயரையே கடைக்கு வைத்தார். கடை ஓடியது. அடுத்து அதே ஊரின் ரெட்டியார் குடும்பத்தினரும் கடை திறந்தார்கள். ஒரு கடையில் இலை எடுக்க வந்த பையன் சப்ளையர் ஆனான், சப்ளையர் கல்லாவில் உட்கார்ந்தார், கல்லாவில் இருந்தவர் கொஞ்சம் பணம் சேர்த்துக்கொண்டு வேறோர் ஊரில் சொந்தமாகக் கடை போட்டார். பெயர் மட்டும் அதேதான்: மதுரை ஸ்ரீ முனியாண்டி விலாஸ். தலைமை அலுவலகம் இல்லை, பங்குப் பத்திரம் இல்லை, ஒப்பந்தம் இல்லை. சாமிக்குப் பயந்து தொழில் செய்ய வேண்டும் என்ற ஒரே கட்டுப்பாட்டில் நூற்றுக்கணக்கான கடைகள் தமிழ்நாட்டின் பஸ் ஸ்டாண்டுகளுக்குப் பக்கத்தில் முளைத்தன, அண்டை மாநிலங்களுக்கும் போயின.

அந்தக் கடைகளில் அன்றாடம் முதல் வியாபாரத்துக் காசைச் சாமிக்கென்று தனியாக எடுத்து வைக்கும் வழக்கம் உண்டு. தை மாதத்தில் வடக்கம்பட்டியில் திருவிழா. எங்கெங்கோ கடை வைத்திருப்பவர்கள் கடையைப் பூட்டிவிட்டுக் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறார்கள். நேர்ந்துவிட்ட கிடாய்களும் சேவல்களும் வெட்டப்பட்டு, இரவெல்லாம் அண்டா அண்டாவாகப் பிரியாணி வெந்து, விடியற்காலையில் முனியாண்டிக்குப் படைக்கப்படுகிறது. பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அதுவே பிரசாதம். வருஷம் முழுக்கச் சோற்றை விற்றவர்கள் அந்த ஒரு நாள் சோற்றை விற்பதில்லை. வாங்கிச் சாப்பிட வருகிறவர் எந்த ஊர், எந்தச் சாதி என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டு ஓட்டல் தொழிலுக்கு ஒரு தலைநகரம் சொல்ல வேண்டுமென்றால், சென்னை மவுண்ட் ரோட்டை விட்டுவிட்டு இந்தக் கரிசல்காட்டு ஊரைத்தான் நான் சொல்வேன். படிப்பும் இல்லாமல், முதலும் இல்லாமல், வங்கிக் கடனும் இல்லாமல் ஒரு வறண்ட ஊர் தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொண்டது.

மாற்றத்தின் அளவைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைய சமையற்கட்டுக்குள் போக வேண்டும். ‘படிக்கலைன்னா ஓட்டல்ல மாவாட்டத்தான் போகணும்’ என்று பிள்ளைகளைத் திட்டுவார்கள். அந்த வசவு ஒருவருடைய முழுநேர வேலையாக இருந்தது. ஆளின் இடுப்புயரத்துக்கு ஓர் ஆட்டுரல். ஊறிய அரிசியைப் படிப்படியாகத் தள்ளிக்கொண்டே மதியத்திலிருந்து இரவு வரை குழவியைச் சுற்ற வேண்டும். இரவு கரைத்து வைத்த மாவு விடியற்காலை நாலு மணிக்கு இட்லித் தட்டுக்குப் போகும். கோயம்புத்தூரில் பி. சபாபதி 1955-ல் மின்சாரத்தில் ஓடும் கிரைண்டரை உருவாக்கியபோது தமிழ்நாட்டு ஓட்டல்களுக்கு விடுதலை பிறந்தது என்றே சொல்லலாம். கல் கல்லாகவே இருந்தது. சுற்றும் கை மட்டும் போயிற்று. இட்லியின் பதம் கெட்டுவிட்டது என்று அப்போதும் சொன்னவர்கள் உண்டு. மாவாட்டியவரின் தோள்பட்டையைப் பார்த்தவர் எவரும் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார்.

கிரைண்டருக்குப் பக்கத்தில் விறகடுப்பு. வேலங்கட்டையும் புளியங்கட்டையும் எரியும் புகையில் சரக்கு மாஸ்டர் வெற்றுடம்போடு நின்று வடை தட்டுவார். வெளியே சப்ளையர். அவர் கையில் எழுதுவதற்கு எதுவும் இருக்காது. உட்கார்ந்ததும் வாழையிலைத் துண்டைப் போட்டுத் தண்ணீர் வைப்பார். “என்னண்ணே இருக்கு?” என்றால் போதும், இட்லியில் ஆரம்பித்து, பொங்கல், வடை, பூரி, ரவா, ஆனியன் என்று மூச்சு விடாமல் ஒப்பிப்பார். எட்டு மேசையில் யார் என்ன சாப்பிட்டார் என்பது மனத்திலேயே இருக்கும். கை கழுவிவிட்டு நீங்கள் கல்லாவை நோக்கி நடக்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: “ஊதாச் சட்டை, ரெண்டு நாப்பது!” முதலாளி தலையை நிமிர்த்தாமலே காசை வாங்கி மரப்பெட்டியில் போடுவார். சுவரில் சாமி படம், காலண்டர், ‘இங்கு அரசியல் பேசக் கூடாது’ என்ற அறிவிப்பு, அதற்குக் கீழேயே தினத்தந்தியை விரித்துவைத்து அரசியல் பேசும் நாலு பேர். அந்த ஒரு பத்திரிகையைக் காலையில் நூறு பேர் படித்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் வாசித்துக் காட்டினார். ஊரில் நூலகம் வருவதற்கு முன்பே டீக்கடை வந்துவிட்டது.

சப்ளையருக்குக் கீழே மேசை துடைக்கும் பையன்கள் இருந்தார்கள். ராமநாதபுரம், விருதுநகர்ப் பக்கத்து வறண்ட கிராமங்களிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகளை அப்பா கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார். மூன்று வேளைச் சோறு, இரவில் அதே மேசைகளைச் சேர்த்துப்போட்டுப் படுக்கை, சம்பளம் வருஷத்துக்கு ஒருமுறை அப்பா கையில். நாம் மேசைமேல் சிந்திய சாம்பாரைத் துடைத்த அந்தக் கைகளில் எப்போதும் சேற்றுப்புண் இருந்தது. 2006 அக்டோபர் 10-லிருந்து ஓட்டல், டீக்கடை, தாபா எதிலும் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை வேலைக்கு வைப்பது தடை செய்யப்பட்டது. சட்டம் மட்டும் இதைச் செய்யவில்லை. சத்துணவும் ஊருக்குள் வந்த பள்ளிகளும் முன்பே பாதி வேலையைச் செய்திருந்தன. இன்று பெரும்பாலான ஊர்களில் அந்தப் பையனைப் பார்க்க முடிவதில்லை. பழைய ஓட்டல்களின் நினைவில் உருகும்போது அந்தப் பையனையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

பெண்கள்? அன்றைய ஓட்டலில் பெண்கள் இரண்டே இடங்களில் இருந்தார்கள். ஒன்று, பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும் இடம். இன்னொன்று, ‘பேமிலி ரூம்’ என்று எழுதிய, பாதிக்கதவு போட்ட இருட்டு அறை. குடும்பத்தோடு வந்தால் அங்கேதான் உட்கார வேண்டும். தனியாக ஒரு பெண் உள்ளே வந்து தோசை சொன்னால் கடையே திரும்பிப் பார்க்கும். ஆனால் சமையலைத் தொழிலாக்கிய பெண்கள் இருந்தார்கள். கணவரை இழந்தவர்கள் வீட்டுத் திண்ணையிலேயே நடத்திய மெஸ்கள் எந்த மாவட்டத் தலைநகரிலும் உண்டு. பலகை இருக்காது, ‘மாமி மெஸ்’, ‘அக்கா கடை’ என்று வாய்வழிப் பெயர்தான். மாதக் கணக்கு, டோக்கன் புத்தகம், வரமுடியாத வாத்தியாருக்கு எடுப்புச் சாப்பாடு. வெள்ளிக்கிழமை பாயசம். காய்ச்சல் என்றால் கேட்காமலே கஞ்சி. மாற்றலாகி வந்த ஒரு தலைமுறை அரசு ஊழியர்கள் இந்தப் பெண்களின் கையால்தான் பிழைத்தார்கள். இன்று கல்லூரிப் பெண்கள் நாலு பேர் சேர்ந்து தாலுகா ஊர் ஓட்டலில் சத்தமாகச் சிரித்துக்கொண்டு பரோட்டா சாப்பிடுகிறார்கள். பேமிலி ரூமின் கதவைக் கழற்றிவிட்டார்கள். இதில் எனக்கு மகிழ்ச்சியைத் தவிர வேறொன்றும் இல்லை. பெண்கள் வரத் தொடங்கிய பிறகுதான் பல ஓட்டல்களில் கழிவறையே வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அரிசித் தட்டுப்பாட்டுக் காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். போர்க்காலத்தில் தொடங்கிய ரேஷன் கட்டுப்பாட்டை ராஜாஜி 1952-ல் நீக்கினார். 1965-ல் பிரதமர் சாஸ்திரி வாரம் ஒரு வேளை உணவை விடச் சொன்னபோது திங்கட்கிழமை மாலைகளில் ஓட்டல்கள் அடுப்பை அணைத்தன. 1956-ல் கையெழுத்தான பி.எல். 480 ஒப்பந்தத்தின்படி அமெரிக்கக் கோதுமை கப்பல் கப்பலாக வந்துகொண்டிருந்தது. அரிசி கிடைக்காத ஊர்களில் மைதா கிடைத்தது. பரோட்டா இவ்வளவு ஆழமாக வேரூன்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பரோட்டாக் கடைக்கு வருவோம். காபி கிளப் பகலுடையது என்றால் பரோட்டாக் கடை இரவுடையது. இரண்டாம் ஆட்டம் விட்டு வருகிறவர், மில் ஷிப்ட் முடிந்தவர், லாரி டிரைவர், சந்தை முடித்த வியாபாரி இவர்களுக்கானது. கடை முகப்பிலேயே கல். மாஸ்டர் மாவு உருண்டையைத் தட்டி, எண்ணெய் தேய்த்த பலகையில் இரண்டு கையாலும் வீசுவார். காகிதம்போல் விரிந்ததை மடித்துச் சுருட்டி வட்டமாக்கிக் கல்லில் போடுவார். வெந்ததும் நாலைந்தை அடுக்கி இரண்டு உள்ளங்கையாலும் பக்கவாட்டில் அடிப்பார். அந்த அடியில் அடுக்குகள் பிரியும். விருதுநகரில் அதையே எண்ணெயில் பொரித்துத் தருகிறார்கள். நடுவில் குழிந்த பெரிய கல், குழியில் கொதிக்கும் எண்ணெய், ஓரத்தில் வெந்த சின்னப் பரோட்டாக்கள் உள்ளே சரிந்து மொறுமொறுவென்று வெளியே வரும். எண்ணெய் வியாபாரத்தில் வாழ்ந்த ஊருக்குப் பொருத்தமான பலகாரம். செங்கோட்டைப் பக்கம் பிரானூர் பார்டரில் நாட்டுக்கோழியும் பரோட்டாவும் தின்பதற்கென்றே குற்றாலம் போகிறவர்கள் இருக்கிறார்கள். கும்பகோணத்தில் இட்லிக்குக் கடப்பா. பள்ளிபாளையத்தில் வற்றல் மிளகாயும் தேங்காய்ப் பல்லும் சின்ன வெங்காயமும் போட்ட கோழி. திண்டுக்கல்லில் சீரகச் சம்பா பிரியாணி. மாயவரத்தில் காளியாகுடி ஓட்டல் என்றால் ஊரே வழி சொல்லும். முப்பது மைலுக்கு ஒருமுறை ருசி மாறிக்கொண்டே வந்தது.

இந்த முப்பது மைல் கணக்கை நான்கு வழிச்சாலை கலைத்தது. முன்பு மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்குப் போகும் பஸ் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி என்று ஒவ்வோர் ஊருக்குள்ளும் நுழைந்து வெளியே வரும். பஸ் நின்ற பத்து நிமிஷத்தில் சாத்தூரில் வெள்ளரிப்பிஞ்சு சன்னலுக்கு வரும், கோவில்பட்டியில் கடலை மிட்டாய் வரும், இறங்கி ஓடினால் சூடாக ஒரு வடையைத் தின்று டீயும் குடித்துவிட்டு ஓடி வந்து ஏறலாம். பைபாஸ் வந்த பிறகு ஊர் சாலையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தள்ளி ஒதுங்கிவிட்டது. இப்போது இரவுப் பஸ் நிற்பது ஊருக்கு வெளியே ஒளிவெள்ளத்தில் நிற்கும் மோட்டல்களில். ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் உணவு அங்கே இலவசம். பயணிக்குப் பல இடங்களில் விலையும் அதிகம், தரமும் மோசம். மறுநாள் அதே வாடிக்கையாளர் திரும்பி வர மாட்டார் என்று தெரிந்த கடை எப்படிச் சமைக்குமோ அப்படித்தான் சமைக்கிறது. ஊருக்குள் இருந்த ஓட்டல்காரருக்கு இந்த வசதி ஒருநாளும் கிடைத்ததில்லை. சாம்பார் ஊசிப்போனால் மாலைக்குள் கோர்ட் முழுக்கத் தெரிந்துவிடும்.

நெடுஞ்சாலையோரம் ‘கும்பகோணம் டிகிரி காபி’ பலகைகள் பதினைந்து ஆண்டுகளாக எங்கும் தெரிகின்றன. பித்தளை டபரா பளபளக்கிறது. அவற்றில் சில நல்ல காபியே தருகின்றன. ஆனால் கும்பகோணத்துக் காபிக்குப் பெயர் வாங்கித் தந்தது பித்தளை இல்லை. காலையில் கறந்த பாலும் அன்றன்று வறுத்து அரைத்த கொட்டையும்தான். ஓர் ஊரின் பெயர் இப்படிக் கடைக்குக் கடை ஒட்டப்படும்போது அந்த ஊரில் அதே காபியை இன்றும் போட்டுக்கொண்டிருக்கும் சின்னக் கடைக்கு என்ன கிடைக்கிறது? இதற்கு எதிர்ப்பக்கமும் ஒன்று உண்டு. திண்டுக்கல்லில் 1957-ல் நாகசாமி நாயுடு ‘ஆனந்த விலாஸ் பிரியாணி ஓட்டல்’ என்ற பெயரில் தொடங்கிய கடை, அவர் கட்டியிருந்த தலைப்பாகையால் தலப்பாக்கட்டி என்று பெயர் பெற்று, இன்று வெளிநாடுகளிலும் கிளை விரித்திருக்கிறது. ஊர் ருசி வெளியே போவதில் தவறில்லை. போகும்போது சொந்தக்காரரோடு போனால் நல்லது.

இப்போது சமையற்கட்டுக்குள் திரும்பப் போனால் வேறு முகங்கள் தெரிகின்றன. ஒடிசா, பீகார், மேற்கு வங்கம், அசாம் மாநில இளைஞர்கள் பரோட்டா வீசுகிறார்கள், தோசை வார்க்கிறார்கள், “என்னண்ணா வேணும்?” என்று நல்ல தமிழில் கேட்கிறார்கள். நம் பிள்ளைகள் படித்துவிட்டு வேறு வேலைக்குப் போய்விட்டார்கள் என்பதன் மறுபக்கம் இது. நல்ல மாற்றம்தான். முன்பு ராமநாதபுரத்துப் பையன் எங்கே நின்றானோ அங்கே இன்று ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தைத் தாண்டி வந்தவர் நிற்கிறார். அவருக்கும் இரவில் படுக்க மேசைதானா, நல்ல அறையா என்று கேட்க வேண்டிய கடமை வாடிக்கையாளராகிய நமக்கு இருக்கிறது. மாநிலத்தில் உணவகத் தொழிலாளருக்கென்று 1958-லேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வேலை நேரம், விடுமுறை எல்லாம் அதில் இருக்கின்றன. மொழி தெரியாத ஊரில் அதை அவருக்கு யார் எடுத்துச் சொல்வது?

கைமாறியபோது ருசியும் கொஞ்சம் மாறியது. அதற்கு அந்த இளைஞர்கள் காரணம் இல்லை. மசாலா அரைப்பவர் போய் மசாலா பாக்கெட் வந்துவிட்டது. நாகர்கோவிலிலும் கிருஷ்ணகிரியிலும் ஒரே கம்பெனித் தூளில் சால்னா கொதிக்கிறது. மெனு அட்டையில் கோபி மஞ்சூரியன், பிரைடு ரைஸ், பன்னீர் பட்டர் மசாலா, ஷவர்மா. ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள், கடைக்காரர் கொடுக்கிறார்; அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பழைய பலகையில் இருந்த அடை, வெள்ளையப்பம், ரவா கிச்சடி, மோர்க்குழம்பு, சுண்டவற்றல் குழம்பு, தலைக்கறி, குடல் வறுவல் எல்லாம் ஒன்றொன்றாக அழிக்கப்படுகின்றன. இவை நேரமும் கைப்பக்குவமும் கேட்பவை. அரைக்க ஆள் இல்லாத கடையில் முதலில் போவது இவைதான்.

கல்லாப்பெட்டி இருந்த இடத்தில் இப்போது கியூஆர் கோடு அட்டை. பணம் வந்ததும் சின்னப் பெட்டி ஒன்று தொகையைச் சத்தமாகச் சொல்கிறது. 2017-ல் ஜிஎஸ்டி வந்தபோது முதலில் 12, 18 சதவீதம் என்று இருந்து, அதே நவம்பரில் பெரும்பாலான ஓட்டல்களுக்கு 5 சதவீதமாகக் குறைந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கிற்குத் தமிழ்நாடு தடை விதித்ததால் பார்சலில் வாழையிலை கொஞ்சம் திரும்பி வந்தது. 2020 ஊரடங்கில் பல மாதங்கள் பார்சல் மட்டுமே. அப்போது மூடிய ஓட்டல்களில் பல திரும்பத் திறக்கவில்லை; பெரியவர் இல்லை, பிள்ளைகளுக்கு விருப்பமில்லை, கட்டடத்துக்கு நல்ல விலை. திறந்தவை வீட்டுக்கு வீடு கொண்டுபோகும் செயலிகளில் சேர்ந்தன. மாவட்டத் தலைநகர்களைத் தாண்டி நகராட்சி ஊர்களுக்கும் ஸ்விக்கி, சொமேட்டோ பைக்குகள் வந்துவிட்டன. ஒவ்வோர் ஆர்டரிலும் அவர்கள் எடுக்கும் பங்கு, மெலிந்த லாபத்தில் ஓடும் சின்ன ஓட்டலுக்குத் தாங்காது. உட்கார்ந்து சாப்பிடும் இடமாக இருந்தது, கட்டிக் கொடுக்கும் இடமாக மாறிவருகிறது.

என் வருத்தம் இங்கேதான். வக்கீலும் கட்சிக்காரரும், வாத்தியாரும் மூட்டை தூக்குபவரும், யாரென்றே தெரியாத இருவரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து ஒரே வாளிச் சாம்பாரை ஊற்றிக்கொள்வதற்கு இந்த நாட்டில் அவ்வளவு போராட வேண்டியிருந்தது. அந்த மேசையைப் பார்சல் கவுன்ட்டருக்காக எடுத்துவிடுவதை என்னால் சாதாரண வியாபார மாற்றமாகப் பார்க்க முடியவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். நம் ஊர்க் கோயில்களுக்குத் தல வரலாறு இருக்கிறது, பள்ளிகளுக்கு நூற்றாண்டு மலர் இருக்கிறது. ஓட்டல்களுக்கு எதுவும் இல்லை. உங்கள் ஊரின் மிகப் பழைய ஓட்டலுக்கு, கூட்டம் இல்லாத நேரமாக, மூன்று மணி வாக்கில் போங்கள். உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுங்கள். கடை எந்த வருஷம் திறந்தது, யார் திறந்தது, எந்த ஊரிலிருந்து வந்தார்கள், முதல் மாஸ்டர் யார், எந்தப் பலகாரம் நின்றுபோனது, ஏன் நின்றது, ஒரு காலத்தில் யாரை உள்ளே விடவில்லை, எப்போது விட்டார்கள் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய விலைப் பலகையும் கணக்கு நோட்டும் பரணில் கிடந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுதியதில் ஒரு பிரதியைக் கடைக்காரரிடமும் இன்னொன்றை உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலும் கொடுங்கள்.